மறு: 'தொற்றுப்புற்று' வேண்டாம், 'ஒட்டுப்புற்று' சரிவருமா?

குழுவினர்க்கு வணக்கம்.

நாய்களின் பிறப்புறுப்பில் வந்து நாய்க்கு நாய் தாவும் புற்றுக்கட்டிக்கு (ஆங்கிலத்தில் transmissible venereal tumour) நாம் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு நம் குழுவில் அக்கா முன்வைத்த 'தொற்றுப்புற்று' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் தொற்று என்று சொன்னால், "என்ன கிருமி சார், தடுப்பூசி இருக்கா?" என்றுதான் அடுத்து கேட்பார்கள். இங்கே கிருமியே கிடையாது. இணைசேரும்போதும் நக்கும்போதும் ஒரு நாயின் புற்றுச்செல்லே உயிரோடு இன்னொரு நாயின் மேல் ஏறி வளர்கிறது.

'பரவுபுற்று' என்று வைத்தால் இன்னும் மோசம். காலெலும்பில் தொடங்கி நுரையீரலுக்குப் போவதும் பரவல்தானே? அது அந்த நாயின் சொந்தச் செல். அதற்கு நாம் எழுதிவரும் 'மாற்றிடம் புகல்' போதும். இதுவோ அயல்நாயின் செல். நாய்ச் செல்லில் 78 நிறப்புரிகள் (குரோமோசோம்கள்) இருக்கும். இந்தக் கட்டியின் செல்லில் 57 முதல் 64 வரைதான்.

எங்கள் தெருப் பெண் நாய் ஒன்று மாதக்கணக்கில் ரத்தம் சொட்டிக்கொண்டு திரிந்தது. பருவத்துக்கு வந்திருக்கிறது என்றே விட்டுவிட்டோம். மருத்துவர் வாலைத் தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: காலிபிளவர் மாதிரி சிவந்த சதை, தொட்டால் ரத்தம். வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை வாரம் ஓர் ஊசியாகப் போட்டார். நாலாவது ஊசிக்குள் கட்டி சுருங்கிவிட்டது. (அந்த மருந்து நம் கொல்லையில் சீந்துவாரில்லாமல் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வருவது.)

சரி, சொல்லுக்கு வருகிறேன். சந்தூர் நாற்றங்கால்களில் மா ஒட்டுக்கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பெங்களூரா என்ற மா வகையின் தாய்மரம் எப்போதோ பட்டுப்போயிருக்கும்; அதன் குச்சி வேறு வேறு கன்றுகளின் மேல் இன்றும் காய்க்கிறது. இந்தக் கட்டியும் அப்படித்தான். முதன்முதலில் இது வந்த நாய் செத்துச் சில ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அதன் செல்கள் மட்டும் நாய்க்கு நாய் ஏறி இன்னும் வாழ்கின்றன. பல கண்டங்களில் எடுத்த கட்டிகள் எல்லாம் ஒரே வழிவந்தவை என்று 2006இல் மரபணுச் சோதனையில் காட்டினார்கள். ஆகவே 'ஒட்டுப்புற்று'. தோல் ஒட்டு என்று மருத்துவத்திலும் ஏற்கெனவே சொல்கிறோம்.

இன்னொரு லாபமும் உண்டு. தொட்டால் வரும் நோயை நம் முன்னோர் 'ஒட்டுவாரொட்டி' என்றார்கள். ஒட்டு என்ற ஒரே சொல்லில் ஒட்டுக்கட்டுவதும் தொத்திக்கொள்வதும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. இதைத் தேடிப் பிடிக்கவில்லை, எழுதும்போதுதான் உறைத்தது.

ஒட்டு மனிதர் வேண்டுமென்றே செய்வது, நோய்க்குப் பொருந்தாது என்று நம் குழுவின் ஓசூர் ஐயா சொல்வார். நியாயம்தான். ஆனால் அயல் ஒட்டை உடம்பு தள்ளிவிடும் என்பதும், இந்தச் செல்கள் தம் அடையாளத்தை மறைத்துத் தப்பிக்கின்றன என்பதும் ஒட்டு என்று சொன்னால்தான் விளங்கும். டாஸ்மேனியப் பேய் என்னும் விலங்கின் முகக்கட்டிக்கும் இதே சொல் செல்லும்.

எனக்கு முடிச்சு அவிழாதது ஒன்றுதான். அந்த முதல் நாயை என்ன சொல்வது? 'தாய்நாய்' என்றால் குட்டி போட்ட நாய் என்று படிப்பார்கள். 'மூலநாய்' என்றால் மூலநோய் நினைவுக்கு வருகிறது!