எரிந்த மலையிலிருந்து ஓடைக்கு வந்த வெள்ளம்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சாப்டூர் பக்கம்
எங்கள் பக்கம் பங்குனியில் மலை எரிவது புதுசு இல்லை. ராத்திரி மொட்டை மாடியில் நின்றால் மலைக்கு மாலை போட்டது போலத் தெரியும். ஒரு வருஷம் ஓடை பிறக்கிற சரிவே எரிந்து போய்விட்டது. சரி, அது இல்லை விஷயம். சித்திரைக் கடைசியில் கோடை மழை. ஊரில் தூறல்தான், மேலே கொட்டியிருக்கிறது. ஓடையில் வந்தது தண்ணியே இல்லை, கரிக்குழம்பு. பாதி எரிந்த கட்டைகள் ரோட்டடிக் குழாய்ப் பாலத்தின் வாயை அடைத்துக்கொள்ள, எல்லாம் காலனிப் பக்கம் திரும்பியது. வயலுக்குத் தண்ணி திறந்துவிடும் எங்கள் நீர்க்கட்டித் தாத்தா இடுப்பில் கயிறு கட்டி இறங்கி அரிவாளால் வெட்டுகிறார், நாங்கள் மேலே நின்று செல்போன் லைட் அடிக்கிறோம். ஒவ்வொரு வெட்டுக்கும் கரி தெறிக்கிறது. மேலே ஏறியதும் ஒரு கை தண்ணியை அள்ளி முகர்ந்து பார்த்து, "இதை மாடு குடிக்காதுடா" என்றார். மறுநாள் கண்மாயில் இறக்கினோம். ஒரு மாடும் வாய் வைக்கவில்லை.

செல்லூர்வாசி
அய்யா, மழை கொட்டினால் வெள்ளம் வரும், தீயை ஏன் இழுக்கிறீர்கள்? 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் செத்தார்களே, அப்போது தீயைப் பற்றி யார் பேசினார்கள்? 2024 அக்டோபரில் மதுரையில் எங்கள் தெருவுக்குள் தண்ணி வந்தது. எங்கள் பக்கம் ஓடும் பந்தல்குடிக் கால்வாய்க்கு மேலே எந்தக் காடு எரிந்தது?

சிறுமலை அடிவாரம்
செல்லூர்க்காரர் சொல்வது பாதி சரி. எரிந்த இடத்தை அவர் மிதித்ததில்லை போல. தீ அடங்கினதும் ஆடு தேடிப் போனபோது பாட்டில் தண்ணியை மண்ணில் கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே இறங்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. அவ்வளவுதான் நான் கண்டது.

இலை தழை எரியும்போது அதிலுள்ள மெழுகுச் சத்து ஆவியாகி மண்ணுக்குள் போய்ப் படிந்துவிடும். அதற்குக் கீழே தண்ணி இறங்காது. சாம்பலும் மேல்மண்ணும் சேர்ந்து வழித்துக்கொண்டு வரும், சாதாரண மழைக்கே. அதனால் மேலே எரிந்தால் ஐப்பசி வரை காத்திருக்காதீர்கள், கோடை மழையே போதும். குழாய்ப் பாலத்துக்குக் கொஞ்சம் மேலே கல்லுக்கால் ஊன்றினால் கட்டைகள் அங்கேயே நிற்கும், ஆனால் மழை விட்டதும் அள்ள ஆள் வேண்டும். கண்மாய்க்குத் தண்ணி வரும் வரத்துக்காலில் கருவேலத்தை வெட்டுங்கள். கரிந்த மரத்தைச் சரிவுக்குக் குறுக்கே படுக்கப் போட்டால் மண் தங்கும். அதை வனத்துறையிடம் கேளுங்கள், நீங்களாக ஏறினால் வழக்குதான். ஓடைப் புறம்போக்கில் ஆட்டுக்கிடை போடாதீர்கள். மலையில் இடி கேட்டால், ஊரில் வெயில் அடித்தாலும் ஓடையில் இறங்காதீர்கள். பட்டாவையும் ரேஷன் கார்டையும் பிளாஸ்டிக் பையில் போட்டு உயரத்தில் வையுங்கள். ஆபத்துக்கு 1077. புல் முளைத்துவிட்டது என்று அடுத்த வருஷம் அசட்டையாகவும் இருக்காதீர்கள், வேர் பிடிக்க நாளாகும்.

போடி பேத்தி
2018 மார்ச் 11, எங்கள் போடிக்கு மேலே குரங்கணி மலைத் தீயில் 23 பேர் போனார்கள். அதைப் பற்றி ஊரே பேசியது. அந்த வருஷ மழைக்கு, அந்த மலையிலிருந்து வரும் கொட்டகுடி ஆற்றில் என்ன வந்தது என்று ஒருத்தரும் பேசவில்லை. அப்போது ஆற்றோரம் இருந்தவர்கள் யாராவது இங்கே உண்டா?

சாப்டூர் பக்கம்
சிறுமலை அண்ணே, கல்லுக்கால் எல்லாம் சரி. எங்களுக்கு அந்தக் குழாயை எடுத்துவிட்டுப் பெரிய பாலம் கட்டித் தந்தால் போதும். மனு கொடுத்தோம், அளந்துகொண்டு போனார்கள். இன்னும் அதே குழாய்தான். தாத்தாவுக்கு இப்போது முட்டி வலி, இனிமேல் இறங்க மாட்டார்.