கன்டென்ட் பட்ஜெட் ஷீட்: மாத மொத்தம் பூஜ்ஜியம் காட்டுகிறது, வீடியோவாரிக் கணக்கும் இடிக்கிறது. உதவுங்கள்

குறிப்பேடு:
வணக்கம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வீடியோவும் அதை ஒட்டிய கட்டுரைகளும் செய்கிறோம். திட்டம், செலவு எல்லாமே கூகுள் ஷீட்ஸில் ஒரே தாளில் இருக்கிறது. வரிசைக்கு ஒரு வீடியோ. தலைப்பு, பொறுப்பாளர், வெளியிடும் தேதி, அப்புறம் பயணம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, எடிட்டிங், இசை உரிமம் என்று ஒவ்வொரு செலவுக்கும் ஒரு நெடுவரிசை. எங்கே சிக்கல் என்றால்:

மாத மொத்தம் எடுக்க சம்இஃப்ஸ் (சொன்ன நிபந்தனைக்குப் பொருந்தும் வரிசைகளை மட்டும் கூட்டும் சூத்திரம்) போட்டேன். சில மாதங்களுக்குப் பூஜ்ஜியம் வருகிறது, சில மாதங்களுக்கு நாங்கள் செலவே செய்யாத அளவுக்குத் தொகை வருகிறது.

எடிட்டருக்கு முன்பணம் ஒரு மாதம், மீதி அடுத்த மாதம் போகிறது. ஒரே செல்லில் இரண்டையும் எப்படிக் காட்டுவது? இப்போதைக்கு "1000 முன்பணம்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

எடிட்டிங் மென்பொருளுக்கு வருடச் சந்தா, புதிதாக வாங்கிய மைக், இதையெல்லாம் எந்த வீடியோவின் தலையில் கட்டுவது?

அடுத்த தொடரைத் தொடங்கும் முன் கையில் எவ்வளவு மிச்சம் என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் கேட்கிறேன்.

பேரேடு:
முதல் கேள்விக்கு: செல்களின் ஓரத்தைப் பாருங்கள். நீங்கள் அலைன்மென்ட்டை மாற்றவில்லை என்றால் எண்ணும் தேதியும் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். "1000 முன்பணம்" என்பது ஷீட்டுக்கு எண்ணே அல்ல, வெறும் எழுத்து. கூட்டும்போது அதை விட்டுவிடும். சந்தேகமான செல்களைத் தேர்ந்தெடுத்தால் கீழே வலது மூலையில் மொத்தம் தெரிய வேண்டும். எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் எல்லாமே எழுத்து.

தேதியில் இன்னொரு வம்பு இருக்கிறது. ஷீட்டின் லொக்கேல் (தேதியை எந்த நாட்டு முறையில் படிப்பது என்ற அமைப்பு) அமெரிக்க முறையில் இருந்தால் மாதம்தான் முதலில். நீங்கள் நாளை முதலில் எழுதிப் பழகியவர் என்றால் 25/03 என்பது தேதியாக மாறாமல் எழுத்தாகவே தங்கிவிடும், அந்த வரிசை எந்த மாதத்திலும் சேராது. 03/04 அதைவிட ஆபத்து. ஏப்ரல் 3 என்று நீங்கள் எழுத, அது மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். பூஜ்ஜியமும் கூடுதல் தொகையும் கலந்து வருவதற்கு இதுதான் காரணமாக இருக்கும். ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய் லொக்கேலை மாற்றுங்கள். ஆனால் அதனால் பழைய தேதிகள் தானாகச் சரியாகாது. எழுத்தாகத் தங்கிவிட்டவற்றைத் திரும்ப எழுதுங்கள். நாள் 12 அல்லது அதற்குள் இருக்கும் தேதிகளை, மாதப் பெயர் எழுத்தில் தெரியும்படி ஃபார்மேட் மாற்றி ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள்.

இரண்டாவது, மூன்றாவது கேள்விகள் சூத்திரத்தில் தீராது நண்பரே. தாளின் அமைப்பையே மாற்ற வேண்டும். இப்போது நீங்கள் வைத்திருப்பது வீடியோக்களின் பட்டியல். பணம் வீடியோ கணக்கில் போவதில்லை, ஒவ்வொரு கொடுக்கல் கணக்கில் போகிறது. ஒரு வீடியோவுக்குப் பல கொடுக்கல் இருக்கும், ஒரு கொடுக்கல் பல வீடியோவுக்கும் உதவும். அதனால் இரண்டு தாள்.

"திட்டம்" தாளில் வீடியோவுக்கு ஒரு வரிசை: எண், தலைப்பு, பொறுப்பாளர், வெளியீட்டுத் தேதி, ஒதுக்கிய தொகை. "செலவு" தாளில் ஒவ்வொரு கொடுக்கலுக்கும் ஒரு வரிசை: தேதி, வீடியோ எண், வகை, தொகை, நிலை, குறிப்பு. "முன்பணம்" என்ற சொல் குறிப்பில் போகட்டும், தொகையில் 1000 மட்டும் இருக்கட்டும்.

வீடியோ எண்ணை வெறும் 01 என்று போடாதீர்கள், முன்னால் இருக்கும் பூஜ்ஜியம் காணாமல் போய்விடும். வீ01 என்று எழுத்தோடு வையுங்கள்.

குறிப்பேடு:
மிக்க நன்றி. தேதியேதான். பாதி வரிசைகள் இடப்பக்கம் ஒட்டி நிற்கின்றன. இரண்டு தாளாகப் பிரிக்கிறேன். நிலை என்று ஒரு நெடுவரிசை சொன்னீர்களே, அதில் என்ன வரும்?

பேரேடு:
"கொடுத்தது", "பாக்கி" இரண்டே போதும். என் அனுபவத்தில் இந்த ஒரு நெடுவரிசை இல்லாததால்தான் பட்ஜெட் ஏமாற்றுகிறது. ஓர் உதாரணம்: வீ07-க்கு ஒதுக்கியது 6,000. பயணத்துக்கு 2,500 போயாச்சு, எடிட்டருக்கு முன்பணம் 1,000 போயாச்சு. தாள் 2,500 மிச்சம் என்கிறது. ஆனால் எடிட்டருக்கு இன்னும் 2,000 தர வேண்டும் என்று பேசியிருக்கிறீர்கள். உண்மையான மிச்சம் 500தான். 2,500 இருக்கிறது என்று நம்பி நல்ல இசை உரிமம் வாங்கிவிட்டால் கதை முடிந்தது. அதனால் வேலையை ஒப்புக்கொண்ட அன்றே பாக்கியை ஒரு வரிசையாக எழுதிவிடுங்கள். பணம் போனதும் நிலையையும் தேதியையும் மாற்றினால் போதும்.

திட்டம் தாளில் மூன்று நெடுவரிசை சேருங்கள். கொடுத்தது, பாக்கி இரண்டும் சம்இஃப்ஸ்: முதலில் செலவுத் தாளின் தொகை நெடுவரிசை, அடுத்து எண் நெடுவரிசையும் இந்த வரிசையின் எண்ணும், கடைசியில் நிலை நெடுவரிசையும் வேண்டிய நிலையும். மூன்றாவது, ஒதுக்கியதிலிருந்து இரண்டையும் கழித்த மிச்சம். மாத மொத்தத்துக்கும் இதே சம்இஃப்ஸ்தான். நிலை கொடுத்தது, தேதி மாத முதல் நாளுக்குச் சமம் அல்லது மேல், அடுத்த மாத முதல் நாளுக்குக் கீழ்.

வெட்டுமேசை:
பொதுச் செலவு பற்றி நான் சொல்கிறேன். சந்தா, மைக் இதற்கெல்லாம் வீடியோ எண் இருக்கும் இடத்தில் "பொது" என்று போடுங்கள். வருடச் சந்தா 12,000 என்றால் மாதம் 1,000. அதை அந்த மாதம் வெளியான வீடியோக்களுக்குச் சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் உண்மையான அடக்கம் கிடைக்கும்.

பேரேடு:
"பொது" சரி. பிரிப்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நான்கு வீடியோ வந்த மாதம் தலைக்கு 250, ஒன்றே வந்த மாதம் அதற்கு மட்டும் 1,000. வீடியோவின் செலவில் எதுவும் மாறவில்லை, ஆனால் ஏட்டில் அது விலை உயர்ந்த வீடியோவாகத் தெரியும். அதைப் பார்த்து "இந்த மாதிரி வீடியோ கட்டுப்படியாகாது" என்று முடிவெடுப்பார்கள். பொதுச் செலவுக்குத் தனியாக மாத ஒதுக்கீடு வைத்து அதற்குள் அடக்குவதுதான் சிறிய குழுவுக்கு ஏற்றது.

வெட்டுமேசை:
ஒரு வீடியோவுக்கு வெளியாரிடம் கட்டணம் கேட்கும் நிலை வந்தால் பிரித்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் எண்ணிக்கையை விட வேலை நேரத்தை வைத்துப் பிரிப்பது நியாயம். திட்டம் தாளில் "மணிநேரம்" என்று ஒரு நெடுவரிசை இப்போதே வையுங்கள். உங்கள் மூவரின் உழைப்பும் அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

குறிப்பேடு:
கட்டணம் இப்போதைக்கு இல்லை, அதனால் பொதுவைத் தனியாகவே வைக்கிறேன். மணிநேரமும் சேர்த்துவிட்டேன். மாத மொத்தம் இப்போது வங்கிக் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஆனால் வகைவாரியாகப் பார்த்தால் ஒலிப்பதிவு குறைவாகவும் ஒளிப்பதிவு கூடுதலாகவும் காட்டுகிறது. பயணத்திலும் ஒரு தொகை விடுபடுகிறது.

பேரேடு:
மூன்று பேர் கையால் தட்டினால் அப்படித்தான் வரும். லி, ளி மாறியிருக்கும். "பயணம்" என்பதற்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருந்தாலும் அது வேறு சொல்லாகிவிடும். டிரிம் என்ற சூத்திரம் போட்டால் இடைவெளி போகும், லி ளி-யை நீங்கள்தான் ஃபில்டரில் பார்த்துத் திருத்த வேண்டும். திருத்தியதும் டேட்டா வேலிடேஷனில் (செல்லில் எதை எழுதலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி) வகைக்கு டிராப்டவுன் வைத்து, பட்டியலில் இல்லாததை ஏற்காதபடி அமையுங்கள். நிலைக்கும் வீடியோ எண்ணுக்கும் அதையே செய்யுங்கள். ஒருவர் "பாக்கி" என்றும் இன்னொருவர் "தரணும்" என்றும் எழுதினால் மிச்சம் மறுபடியும் தப்பாகவே வரும்.