மறு: ட்ரஸ்ட் ஸ்டோர் = நம்பிக்கைப் பெட்டகம்?

அண்ணாச்சி, வணக்கம்.

ட்ரஸ்ட் ஸ்டோரை, அதாவது இணையதளங்களைச் சரிபார்க்கக் கணினி நம்பும் சான்றுகளின் தொகுப்பை, தமிழில் 'நம்பிக்கைப் பெட்டகம்' என்று சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெட்டகம் என்றதும் பூட்டி வைத்த பொருள்தான் நினைவுக்கு வருகிறது. இங்கே உள்ளே இருப்பதோ ஊரறிந்த சான்றுகள், ரகசியம் ஒன்றுமில்லை. படிக்கிறவர் கடவுச்சொல் வைக்கும் இடம் என்று நினைத்துவிடுவார்.

போன வாரம் தக்கலையில் ஒரு கடையின் பழைய லுபுண்டு (லினக்ஸ்) கணினியில் இந்தச் சான்றுச் சிக்கல்தான். ஃபயர்பாக்ஸில் தளம் திறக்கிறது, கட்டளை வரியில் தளங்களை எடுக்கும் கர்ல் மட்டும் மறுக்கிறது. ஃபயர்பாக்ஸ் தனக்கு வேண்டிய சான்றுகளைக் கையோடு கொண்டுவரும். கர்ல் கணினியில் இருப்பதைத்தான் பார்க்கும். அங்கே, தளங்களுக்கு இலவசமாகச் சான்று தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் ரூட் சர்டிஃபிகேட்டான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 இல்லை. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றுகளுக்கு முன்பு கைகொடுத்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற இன்னொரு ரூட், 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியாகிவிட்டதே! கணினியின் சான்றுகள் அடங்கிய சிஏ-சர்டிஃபிகேட்ஸ் தொகுப்பைப் புதுப்பித்ததும் சரியாகிவிட்டது. எனக்கு முன் பார்த்தவர் கர்ல் கட்டளையில் 'மைனஸ் கே' (-k) போட்டு ஓட்டியிருக்கிறார். சரிபார்க்கவே வேண்டாம் என்று அர்த்தம். பத்திரம் பார்க்காமல் மனை வாங்கின மாதிரி.

கடைக்காரருக்கும் அந்தப் பத்திரத்தை வைத்துத்தான் விளக்கினேன். கையில் இருக்கும் பத்திரம், அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது என்று போய்த் தாய்ப்பத்திரத்தில்தானே நிற்கிறோம்? சான்றுகளும் அப்படித்தான், ரூட் சர்டிஃபிகேட்டில் போய் நிற்கும். (நம் குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த 1956க்கு முந்தையது என்றால் மலையாளம் படிக்க ஆள் தேடுவது தனிக் கதை.) அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார்: "அப்போ தாய்ப்பத்திரம் என் கம்ப்யூட்டர்ல இல்ல, அப்படித்தானே?"

அதனால் ரூட் சர்டிஃபிகேட்டுக்குத் தாய்ச்சான்று, நடுவில் வருவதற்கு இடைச்சான்று, ட்ரஸ்ட் ஸ்டோருக்குத் தாய்ச்சான்றேடு. முதலில் 'மூலச்சான்று' என்றுதான் எழுதினேன். எந்த டாக்டர் கொடுத்தது என்று வீட்டில் கேட்டார்கள், விட்டுவிட்டேன்.

பிழைச்செய்தியில் வைத்துப் பாருங்கள்: "வழங்கியவரின் தாய்ச்சான்று இந்தக் கணினியின் ஏட்டில் இல்லை."

---

தம்பி,

தாய்ச்சான்றேடு எனக்குச் சம்மதம், பெட்டகத்தை எடுத்துவிடுகிறேன். பிழைச்செய்திதான் இடிக்கிறது. தளத்தின் வழங்கி (சர்வர்) இடைச்சான்றை அனுப்ப மறந்தாலும் அதே பிழை வருமே? அப்போது தாய்ச்சான்று ஏட்டில் பத்திரமாக இருக்கும், ஆட்கள் வீணாகத் தங்கள் கணினியைக் குடைந்துகொண்டிருப்பார்கள். "வழங்கியவரின் சான்று கிடைக்கவில்லை" என்று மட்டும் போடுவோம்.

அப்புறம், ரத்தான சான்றுகளின் பட்டியல் இன்னும் பெயரில்லாமல் கிடக்கிறது. பத்திரம் வரைக்கும் வந்துவிட்டோம், 'வில்லங்கப் பட்டியல்' என்று வைத்தால் என்ன?