பரிமாற்றப் படிப்பு: தங்குமிடச் சான்று இல்லாமல் விண்ணப்பம் நிற்கிறது, அவசர உதவி தேவை

மூன்றாமாண்டு மாணவன்

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியின் பரிமாற்றத் திட்டத்தில் தேர்வாகி, வரும் குளிர்காலப் பருவம் தொடங்கி ஓராண்டு, ஜெர்மன் வழியில் பாடம் நடக்கும் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கப் போகிறேன். தூதரகத்தில் கொடுக்க வேண்டிய ஆவணங்களில் தங்குமிடச் சான்றைத் தவிர மற்றவை ஏறக்குறையத் தயாராகிவிட்டன. மாணவர் விடுதியில் என்னைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இதற்கிடையில் இணையத்தில் ஓர் அறையைப் பார்த்தேன். இரண்டு மாத முன்பணமும் முதல் மாத வாடகையும் சேர்த்து 1,140 யூரோ அனுப்பினால் அன்றே ஒப்பந்தத்தை அனுப்பிவிடுவதாக உரிமையாளர் சொல்கிறார். எனக்கு அடுத்த வாரம் விண்ணப்ப நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். பணத்தை அனுப்பிவிடலாமா? விரைந்து பதில் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

ஆகன் வாசி

தம்பி, அறையை விடுங்கள், முதலில் செலவுப் பணத்தை முடக்கிவைக்கும் வங்கிக் கணக்கு, அதாவது பிளாக்டு அக்கவுண்ட் தொடங்கிவிட்டீர்களா என்று சொல்லுங்கள். நான் பார்த்தவரையில் விண்ணப்பங்கள் தடுக்கி விழுவது அந்த ஓர் இடத்தில்தான். 11,208 யூரோவை மொத்தமாகக் கட்டினால் மாதம் 934 யூரோ வீதம் கைக்கு வரும். அது சரியாக இருந்தால் மற்றவை எல்லாம் தானாக நடக்கும்.

கணக்கு சரிபார்ப்பவர்

அது பழைய தொகை. 2024 செப்டம்பர் 1 முதல் ஜெர்மனிக்கு ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதத்துக்கு 992 யூரோ காட்ட வேண்டும். பழைய தொகையைக் கட்டிவிட்டு, குறைந்த 696 யூரோவுக்காக மறுபடியும் வங்கிக்கு அலைந்தவர்கள் உண்டு.

முன்னெச்சரிக்கை

மருத்துவக் காப்பீட்டைப் பற்றி இன்னும் ஒருவரும் பேசவில்லையே. விலை குறைவு என்பதற்காகத் தனியார் காப்பீட்டை எடுத்துக்கொண்டு பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், ஜெர்மனியில் அந்தப் படிப்பு முடியும்வரை பொதுக் காப்பீட்டுக்குத் திரும்ப இயலாது. எழுதிக் கொடுப்பதற்கு முன் பத்து முறை யோசியுங்கள்.

நெக்கார் கரையோன்

ஆண்டுதோறும் ஜூன் பிறந்தால் மாம்பழம் வருகிறதோ இல்லையோ, இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. எந்த ஊர், என்ன வயது, எத்தனை மாதம், எந்த நிலைப் படிப்பு என்று ஒன்றையும் எழுதாமல் "அவசரம்" என்று மட்டும் எழுதினால், பதில் சொல்பவர்கள் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கே இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், வாடகை ஒப்பந்தம் இல்லாமலே மாணவர் விசா பெற்று வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வந்து இறங்கி, குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவுசெய்தால் போதும். அந்தப் பதிவுக்கு வீட்டு உரிமையாளரின் ஒப்பமிட்ட உறுதிப் படிவம் வேண்டும் என்பது 2015 நவம்பர் முதல் நடைமுறை. இதையெல்லாம் பழைய இழைகளில் தேடிப் படித்திருக்கலாம்.

பேர்ண் அக்கா

ஜெர்மன் மொழி என்றவுடன் எல்லோரும் தம்பியை ஜெர்மனிக்கே ஏற்றி அனுப்பிவிட்டீர்கள். அவர் எந்த நாடு என்று எழுதவே இல்லை. நான் இருக்கிற சுவிஸிலும் அதே மொழிதான், சட்டம் முற்றிலும் வேறு. தம்பி, எந்த நாட்டுக்குப் போகிறீர்கள்?

மூன்றாமாண்டு மாணவன்

மன்னிக்கவும், எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஆஸ்திரியா, கிராஸ் நகரம். வயது 20, மின்னியல் இளநிலை, அக்டோபர் முதல் அடுத்த ஜூலை வரை. உரிமையாளர் இப்போது லண்டனில் வேலை பார்க்கிறாராம், பணம் கிடைத்ததும் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம். அறையின் படங்கள் நான்கை இணைத்திருக்கிறேன்.

நெக்கார் கரையோன்

ஆஸ்திரியா என்று முதல் வரியில் இருந்திருந்தால் மேலே உள்ள பதில்களில் பாதி தேவைப்பட்டிருக்காது. நான் எழுதியது ஜெர்மனிக்குப் பொருந்தும்.

முன்னாள் பரிமாற்ற மாணவி

நான் கிராஸில் ஓராண்டு இருந்தவள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஆறு மாதத்துக்கு மேல் தங்குபவர்களுக்கு, அதுவரை தங்க உதவும் டி வகை விசா மட்டும் போதாது. மாணவருக்கான வதிவிட அனுமதிக்குத்தான் நீங்கள் விண்ணப்பிக்கிறீர்கள். தூதரகம் அந்த விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளுமே தவிர முடிவுசெய்யாது. கோப்பு, கிராஸ் இருக்கும் ஸ்டைரியா மாநிலத்தின் அதிகாரிகளிடம் போய், அங்கே ஒப்புதல் ஆன பிறகுதான் நுழைவு விசா வரும், அனுமதி அட்டையைக் கிராஸில் போய் வாங்க வேண்டும். இதற்கு மூன்று மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டுதான் நாளைக் கணக்கிட வேண்டும். ஆகவே அடுத்த வாரத்து நேரத்தை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள்.

தங்குமிடச் சான்று இந்த விண்ணப்பத்துக்குக் கட்டாயம்தான், அதில் உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அதற்காகத் தெரியாத ஒருவரிடம் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. பரிமாற்ற மாணவர்களுக்கென்றே ஆஸ்திரியாவின் கல்விப் பரிமாற்ற அமைப்பான ஓஏஆடி கிராஸில் அறைகள் வைத்திருக்கிறது, பதிவுசெய்து வைப்புத்தொகை கட்டினால் தூதரகத்தில் காட்டத்தக்க உறுதிக் கடிதம் கிடைக்கும். உங்களை அழைத்திருக்கும் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு அலுவலகத்துக்கு, விண்ணப்ப நேரத்தின் தேதியையும் குறிப்பிட்டு இன்றைக்கே எழுதுங்கள். "அறை வேண்டும்" என்று எழுதும் கடிதத்தைவிட "இந்தத் தேதிக்குள் கடிதம் வேண்டும்" என்று எழுதும் கடிதத்துக்கு விரைவாகப் பதில் வரும்.

பணக் கணக்கும் ஜெர்மனியைப் போல இல்லை. 24 வயது நிறையாதவர் 2025ஆம் ஆண்டில் மாதம் 703.58 யூரோ காட்ட வேண்டியிருந்தது, நிறைந்தவர் 1,273.99 யூரோ. உங்களுக்கு 20 வயது என்பதால் அந்தக் கணக்கில் பன்னிரண்டு மாதத்துக்கே 8,442.96 யூரோதான் வருகிறது. வாடகை ஓரளவுக்கு மேல் போனால் அந்தக் கூடுதலையும் சேர்த்துக் காட்டச் சொல்வார்கள், அதனால் வாடகை குறைந்த அறையாகப் பாருங்கள்.

இன்னொன்று. பிறப்புச் சான்றிதழை இப்போதே எடுத்துப் பாருங்கள். என்னுடையதில் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தது, குழந்தை பிறந்த மறுநாளே பதிவுசெய்துவிட்டு, பெயரைப் பிறகு சேர்க்காமலே விட்டுவிட்டார்கள். போதாக்குறைக்குப் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் என் குடும்பப் பெயராக இருந்தது, மதிப்பெண் பட்டியலிலோ ஒற்றைத் தலைப்பெழுத்தாக இருந்தது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்டுவதற்குள் மூன்று வாரம் போய்விட்டது.

மின்வாரியத்தார் மகன்

அந்த 1,140 யூரோவை அனுப்ப வேண்டாம். இரண்டாவது படத்தில் சமையல் மேடைக்கு மேலே, கெட்டிலுக்கு வலப்புறம் சுவரில் உள்ள பிளக் பாயிண்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்று பட்டைத் துளைகள், பக்கத்திலேயே ஒரு சிறு சுவிட்ச். அது பிரிட்டனில் உள்ள வகை. ஆஸ்திரியாவில் வட்டமான குழிக்குள் இரண்டு உருண்டைத் துளைகளும், மேலும் கீழும் எர்த்துக்கான உலோகப் பற்களும் இருக்கும், சுவிட்ச் இருக்காது. கிராஸில் இருப்பதாகச் சொல்லப்படும் வீட்டின் சுவரில் பிரிட்டன் பிளக் பாயிண்ட் இருக்கிறது என்றால், அந்தப் படம் வேறு எங்கிருந்தோ எடுத்துப் போட்டது. வெளியூரில் இருக்கும் உரிமையாளரும் கூரியரில் வரும் சாவியும் இந்த மோசடியில் வழக்கமாக வருபவைதான், எனக்கு உறுதி தந்தது சுவர்தான்.

ஆகன் வாசி

அருமையாகக் கண்டுபிடித்தீர்கள். ஆனாலும் ஆஸ்திரியாவுக்கும் பிளாக்டு அக்கவுண்ட் இருந்துவிட்டால் தொல்லை இல்லை என்பது என் கருத்து.

முன்னாள் பரிமாற்ற மாணவி

தேவையில்லை ஐயா. அவர் பெயரில் உள்ள, ஆஸ்திரியாவிலிருந்து பணம் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கே போதும். இல்லாத விதியைச் சொல்லி அந்தப் பிள்ளையை இன்னும் அலைய வைக்க வேண்டாம்.

இரவுப்பணி

தலைப்பு ஆவணங்களைப் பற்றியது என்றாலும் கேட்கிறேன். இப்போது எல்லாமே ஆங்கிலத்தில் நடக்கிறதே, ஓராண்டுக்காக ஜெர்மன் வகுப்பில் பணத்தைக் கொட்ட வேண்டுமா? அதற்குப் பதிலாக ஒரு நல்ல குளிர்காலக் கோட்டு வாங்கலாம்.

முன்னாள் பரிமாற்ற மாணவி

முதுநிலைக்குப் போகிறவருக்கு நீங்கள் சொல்வது ஓரளவு பொருந்தும். கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பாடங்கள் பல ஆங்கிலத்தில் உள்ளன, இளநிலைப் பாடங்களோ பெரும்பாலும் ஜெர்மனில்தான். பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விரிவுரைக்கும் பயிற்சி வகுப்புக்கும் உள்ள வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். விரிவுரைக்கு முடிவில் ஒரு தேர்வு, வருகைப் பதிவு கிடையாது. பயிற்சி வகுப்பில் வருகை கட்டாயம், இடங்களும் குறைவு, பதிவு திறந்த அன்றே நிரம்பிவிடும். ஆஸ்திரியாவில் ஒரு கிரெடிட் என்பது 25 மணி நேர உழைப்பு, பருவத்துக்கு 30 கிரெடிட். மொழி தெரியாமல் அந்த 750 மணி நேரத்தைக் கடத்துவது கடினம்.

நெக்கார் கரையோன்

மொழியைக் கற்பதானால் ஜெர்மனியின் ஜெர்மனைக் கற்க வேண்டும். ஆஸ்திரியாவில் பேசுவது கொச்சை. அதிலும் ஸ்டைரியா மக்களின் பேச்சை மற்ற ஆஸ்திரியர்களே குரைப்பு என்று கேலி செய்வார்கள். அங்கே ஓராண்டு இருந்து காதையும் நாக்கையும் கெடுத்துக்கொண்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு.

பேர்ண் அக்கா

கொச்சை என்ற சொல்லை அவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். "கதைக்கிறேன்" என்று சொன்னதற்காக என்னைப் பார்த்துச் சிரித்தவர்களும் இதே சொல்லைத்தான் சொன்னார்கள். ஆஸ்திரிய ஜெர்மனுக்கு 1951 முதல் தனி அகராதி இருக்கிறது, பள்ளிகளிலும் அதையே பயன்படுத்துகிறார்கள். 1995இல் அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது 23 உணவுச் சொற்களுக்குச் சட்டப்படி சம உரிமை கேட்டு வாங்கிக்கொண்டது. தக்காளிக்குப் பாரடைசர், காலிஃபிளவருக்குக் கார்ஃபியோல், கத்தரிக்காய்க்கு மெலன்சானி எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவை. தம்பி நாளைக்குச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போனால் அவருக்கு உதவப் போவது அந்தச் சொல்தான். இங்கே பேர்ணிலும் பேராசிரியர் வகுப்பில் எழுத்து ஜெர்மனில் பாடம் நடத்திவிட்டு, கதவைத் தாண்டியதும் சுவிஸ் ஜெர்மனில் கதைக்கத் தொடங்கிவிடுவார். மேடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றும் பேசி வளர்ந்த நமக்கு இது என்ன புதுமை?

நெக்கார் கரையோன்

உணர்ச்சிவசப்பட வேண்டாம். நான் சொன்னது தேர்வுகளுக்கான மொழியை.

கணக்கு சரிபார்ப்பவர்

தேர்வு என்றாலும் ஆஸ்திரியாவுக்கு ஓஎஸ்டி என்ற ஜெர்மன் மொழித் தேர்வு தனியாகவே இருக்கிறது, அதில் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ் ஆகிய மூன்று நாடுகளின் வழக்கும் வரும். ஜனவரியை யானுவார் என்று எழுதினாலும் யென்னர் என்று எழுதினாலும் மதிப்பெண் குறையாது.

இரவுப்பணி

கோட்டைப் பற்றி நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

முன்னாள் பரிமாற்ற மாணவி

கோட்டை அங்கே போய் வாங்குவதே நல்லது. மாணவரே, இன்னும் படித்துக்கொண்டிருந்தால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜெர்மனிக்குச் சொன்ன இரண்டு வாரக் கெடு உங்களுக்குப் பொருந்தாது, ஆஸ்திரியாவில் குடியேறிய மூன்று நாளைக்குள் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும். மெல்டேட்செட்டல் என்பது அந்தப் படிவம். அதில் விடுதிக்காரரின் கையொப்பம் வேண்டும் என்பதால், வெள்ளிக்கிழமை மாலையில் போய் இறங்கும்படி டிக்கெட் எடுக்காதீர்கள். நான் அப்படித்தான் இறங்கினேன். அலுவலகம் பூட்டியிருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த வெற்றுப் படிவத்தை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாமாண்டு மாணவன்

பணம் அனுப்பவில்லை. படத்தைப் பற்றிக் கேட்டதும் அந்த உரிமையாளர் பதில் அனுப்புவதையே நிறுத்திவிட்டார். பன்னாட்டு அலுவலகத்தின் வழியாக இருவர் தங்கும் அறை கிடைத்து, உறுதிக் கடிதம் நேற்று வந்தது, இன்று விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். பிறப்புச் சான்றிதழில் என் பெயர் இருக்கிறது. அனைவருக்கும் நன்றி.

முன்னெச்சரிக்கை

மகிழ்ச்சி. காப்பீடு என்ன எடுத்தீர்கள் என்று சொல்லவில்லையே?