ஆயாவின் சீனாப் பெட்டி

சித்தப்பா: புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டைக் காலி செய்ய இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறது. பழம்பொருள் வாங்குகிறவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். கட்டில், ஊஞ்சல், சீனாப் பெட்டி மூன்றையும் சேர்த்து விலை பேசிவிடலாமா?

அண்ணி: ஊஞ்சலை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று பொங்கலன்றே சொல்லியிருந்தோம்.

அப்பா: ஊஞ்சலைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

நான்: சித்தப்பா, தயவுசெய்து பெட்டிக்கு மட்டும் விலை பேச வேண்டாம். நேற்று அதை மெல்லிய துணியால் துடைத்தேன். மூடியில் தென்னை என்று நாம் இத்தனை நாளும் சொல்லிவந்தது தென்னை அல்ல, குலை தள்ளிய கமுகு. அதன் அடியில் ஒரு பாறை, மரத்தைச் சுற்றி ஏறும் ஒரு வெற்றிலைக் கொடி. எல்லாமே முத்துச்சிப்பி. சிப்பியை நுண்ணிய வாளால் இலை வடிவில் அறுத்து, அதே அளவுக்கு மரத்தில் குழி தோண்டி, அரக்கு மரத்துப் பாலை வைத்து ஒட்டி, பிறகு நரம்புகளைக் கீறிக் கருமை ஏற்றியிருக்கிறார்கள். நகத்தால் தடவினால் அந்தக் கீறல் இன்னும் தட்டுப்படுகிறது. இது வியட்நாமில் காலங்காலமாகச் செய்துவரும் வேலை. அண்ணன் தம்பி இருவரில் ஒருவன் பாறையாகவும் மற்றவன் கமுகாகவும் மாற, அவன் மனைவி வெற்றிலைக் கொடியாகி அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டாள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த பழங்கதை. பாறை சுண்ணாம்பாயிற்று. அவர்கள் வெற்றிலை போடுவதற்குச் சொல்லும் காரணமே அதுதான். ஆகவே இது நகைப்பெட்டி அன்று, வெற்றிலைப் பெட்டி. உள்ளே மூன்று அறைகள் இருக்கின்றன. அவற்றில் சிறியதன் மூலையில் சுண்ணாம்பு கல்லாக உறைந்து கிடக்கிறது.

அண்ணி: அப்படியானால் ஆயாவின் அப்பா, சைகோன் தாத்தா வாங்கிவந்ததாகத்தான் இருக்கும்.

சித்தப்பா: அக்கா இந்தப் பெட்டிக்காகத்தான் 1986-இல் கல்யாண வீட்டில் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தார். நகை வைக்க வேண்டும் என்று அப்போது கேட்டார்.

அப்பா: தம்பி, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

பாரிஸ் அண்ணன்: படம் அனுப்பு. மூடியின் உட்புறமும் தெரியட்டும்.

நான்: மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன். பெயர்ந்து விழுந்த ஓர் இலையை ஆயா திருநீற்றுச் சிமிழில் பத்திரப்படுத்தியிருந்தார், அதுவும் படத்தில் இருக்கிறது. அண்ணி, பெட்டியை இனி மாடி வெயிலில் வைக்காதீர்கள், எண்ணெயும் தடவாதீர்கள். மரம் சுருங்கினால் மற்றத் துண்டுகளும் பெயர்ந்துவிடும்.

அண்ணி: பூச்சி இருக்குமோ என்று பயந்து ஒரு நாள்தான் வெயிலில் வைத்தேன்.

கடலூர் அத்தை: திருப்பாதிரிப்புலியூரில் காலையிலிருந்து மின்சாரம் இல்லை, இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். தம்பி சொன்னது உண்மைதான், நான் கேட்டேன். அம்மா தர மறுத்தபோது, மகளைவிடப் பெட்டிதான் பெரிதா என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். மூன்றாம் நாள் இரவு அம்மா என்னைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப்போய், நாம் யாரைத் தன் அம்மா என்று நினைத்திருந்தோமோ அவர் தன்னை வளர்த்தவர் என்றும், பெற்றவள் சைகோனில் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒரு வியட்நாம் பெண் என்றும், 1955-இல் தாத்தாவோடு கப்பல் ஏறியபோது தனக்குப் பன்னிரண்டு வயது என்றும் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டே பெற்றவள் காய்ச்சலில் போய்விட்டாளாம். அவள் திருமணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலையும் பாக்கும் வைத்துக் கொடுத்த பெட்டி இது. நம் நிச்சயதார்த்தத்தில் தாம்பூலம் மாற்றுவதைப் போலவே அங்கேயும் உண்டாம். யாரிடமும் சொல்லாதே என்றார், இன்றுவரை நானும் சொல்லவில்லை.

அப்பா: என்னிடமும் சொல்லவில்லையே அக்கா.

கடலூர் அத்தை: சொல்லாதே என்றது அம்மா. நான் என்ன செய்வேன்? அம்மா ஒரு நாளும் வெற்றிலை போட்டதில்லை, ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு கொழுந்து வெற்றிலையை அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடுவாரே, நீங்கள் யாரும் கேட்டதே இல்லையா?

சித்தப்பா: லட்சுமிக்கு வைக்கிறார் என்று நினைத்தேன்.

அண்ணி: வியட்நாம் பலகாரமான நெம் சுருட்டும்போது அத்தைக்கு மட்டும் ஒன்றுகூட விரியாது. நாங்கள் எத்தனை முறை முயன்றும் அந்தக் கை வரவில்லை.

பாரிஸ் அண்ணன்: அம்மா, ஆயாவின் பிறப்புப் பதிவைத் தேட வழி இருக்கிறது. வியட்நாம் அடங்கிய இந்தோசீனாவில் பிரெஞ்சுக் குடிமக்களுக்குப் பிறந்த பிள்ளைகளின் பதிவுகளை இங்கே பிரான்சில் நாந்த் நகரத்து அலுவலகத்தில் கேட்கலாம். 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்பதாக எழுதிக் கொடுத்த குடும்பங்கள் எல்லாம் ஒரு குடும்பப் பெயரைப் பதிவு செய்துகொண்டன அல்லவா, தாத்தா குடும்பத்தின் அந்தப் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் எப்படி எழுதினார்கள் என்று தெரிந்தால் போதும். பதிவு கிடைத்தால் பெற்றவளின் பெயரும் அதில் இருக்கக்கூடும்.

அப்பா: நம்மிடம் இருக்கும் தாள்களில் எல்லாம் வளர்த்தவர் பெயர்தான் இருக்கிறது.

கடலூர் அத்தை: புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962-இல் யார் இந்தியர், யார் பிரெஞ்சுக்காரர் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னபோது தாத்தா எடுத்துவைத்த தாள்கள் ஒரு பழுப்பு உறையில் என்னிடம் இருக்கின்றன. பிரெஞ்சில் இருப்பதால் நான் பிரித்துப் பார்த்ததில்லை.

சித்தப்பா: அக்கா, நகைக்காகக் கேட்டீர்கள் என்று இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தது என் தவறு. ஞாயிற்றுக்கிழமை வருகிறவரிடம் கட்டிலை மட்டும் காட்டுகிறேன்.

நான்: சித்தப்பா, அந்தச் சுண்ணாம்பை யாரும் சுரண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயா வெற்றிலை போடாதவர் என்றால் அது அவருடைய அம்மா வைத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

அப்பா: பெட்டி யார் வீட்டில் இருப்பது?

அண்ணி: அத்தையிடமே கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

கடலூர் அத்தை: எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறிவிடுகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவின் தலைத்திவசத்துக்கு எல்லோரும் வருவீர்கள் அல்லவா, அப்போது பேசலாம். உறை பரண்மேல் இருக்கிறது, நாளைக் காலை பேரனை ஏறச் சொல்லி எடுத்துப் படம் அனுப்புகிறேன்.