நம்பக் கூடாத கர்னலுக்கு ஏன் இவ்வளவு கறாரான ரிவ்யூ?

ரிங்ஸீரோ:
இன்டெல் சிப்பில் என்க்ளேவ் என்ற ரகசிய நினைவகப் பகுதியைத் தரும் எஸ்ஜிஎக்ஸ் வசதிக்கான லினக்ஸ் டிரைவரின் முதல் பேட்ச் 2016-இல் வந்தது. ரிவ்யூவில் திருத்தித் திருத்தி, லினக்ஸ் 5.11-இல் ஏறியது 41-ஆவது பதிப்பு. என்க்ளேவின் அடிப்படையே "கர்னலை (ஓஎஸ்ஸின் மையத்தை) நம்பாதே" என்பதுதான். நினைவகப் பக்கங்களை என்கிரிப்ட் செய்வதும் சிப், உள்ளே ஏற்றியதை அளந்து பார்ப்பதும் சிப். டிரைவர் சொதப்பினால் என்க்ளேவ் சாகும், ரகசியம் வெளியே வராது. அப்புறம் எதற்கு வரிக்கு வரி பஞ்சாயத்து?

பிழைதேடி:
என்க்ளேவ் கர்னலை நம்பவில்லை, சரி. அதே மெஷினில் ஓடும் மற்ற ப்ராசஸ் எல்லாம் எதை நம்பி ஓடுகின்றன? டிவைஸ் ஃபைலைத் திறக்க அனுமதி உள்ள எவரும் பக்கம் சேர்க்கும் ஐஆக்டலுக்கு (டிரைவரிடம் வேலை கேட்கும் அழைப்பு) ஆஃப்செட்டும் (தொடங்கும் இடம்) நீளமும் தங்கள் இஷ்டத்துக்குக் கொடுக்கலாம். இரண்டையும் கூட்டினால் 64 பிட் தாண்டிச் சுற்றிக்கொண்டு சின்ன எண்ணாகிவிடும். வரம்புச் சோதனையும் தாராளமாகப் பாஸ் ஆகும். இதைத் தடுக்கும் சோதனை எப்போது வந்தது தெரியுமா? 2022-இல். 41 பதிப்பு பார்த்த கண்களுக்கும் தப்பியது.

மெயின்லைன்:
ஐஆக்டல் ஓட்டையாவது கண்ணில் படும். நேரம் போக வேண்டிய இடம் ரீக்ளைமர், அதாவது என்க்ளேவ் பக்கங்களை வெளியேற்றி இடம் காலி செய்யும் பகுதி. ஈபிசியில் (என்க்ளேவுகளுக்கென ஒதுக்கிய நினைவகம்) காலிப் பக்கம் 32-க்குக் கீழே இறங்கினால் கேஎஸ்ஜிஎக்ஸ்டி த்ரெட் எழுந்து, சுற்றுக்கு அதிகபட்சம் 16 பக்கம் எடுத்து, ஈபிளாக், ஈட்ராக், ஈடபிள்யூபி என்ற சிப் கட்டளைகளால் வரிசையாக வெளியேற்றும். ஏதாவது ஒரு கோர் பழைய டிஎல்பியோடு (முகவரி மாற்றத்தின் கேஷ்) என்க்ளேவுக்குள்ளேயே இருந்தால் ஈடபிள்யூபி மறுக்கும். ஐபிஐ (கோருக்குக் கோர் அனுப்பும் இன்டரப்ட்) அனுப்பி அந்தக் கோரை வெளியே தள்ளிவிட்டு மறுபடி முயல வேண்டும்.

இந்தக் கட்டளை வரிசை இன்டெல் மேனுவலில் இருக்கிறது. இல்லாதது டிரைவரின் இந்த ரேஸ் (இரண்டு வேலை ஒரே நேரத்தில் மோதும் பிழை): வெளியேற்றும் ஒவ்வொரு 4096 பைட் பக்கத்துக்கும் 128 பைட் பிசிஎம்டி (திரும்ப ஏற்றும்போது சரிபார்க்கும் குறிப்பு) உண்டு. ஆக ஒரே பிசிஎம்டி பக்கத்தில் 32 பேர் குடித்தனம். ரீக்ளைமர் அந்தப் பக்கத்தை என்க்ளேவ் மியூடெக்ஸ் (பூட்டு) இல்லாமலே முன்கூட்டி எடுத்து வைத்திருந்தது. இடையில் பேஜ் ஃபால்ட் வந்து, அதிலிருந்த கடைசிப் பதிவைத் திரும்ப ஏற்றி, "காலி" என்று பக்கத்தையே வெட்டிவிட்டது. ரீக்ளைமர் எழுதியது காற்றில் போச்சு. பக்கத்தைத் திரும்ப ஏற்றும் அடுத்த ஈஎல்டியூ கட்டளைக்குக் கிடைத்தது முழுக்கச் சுழியம். லாகில் வந்த எண் 1073741837. அதில் என்க்ளஸ் (எஸ்ஜிஎக்ஸ் கட்டளைத் தொகுதி) ஃபால்ட் கொடியான 1073741824-ஐக் கழித்தால் மிச்சம் 13, அதாவது ஜிபி ஃபால்ட் (பொதுப் பாதுகாப்புப் பிழை).

ரிங்ஸீரோ:
நான் சொன்னதும் அதுதானே! ப்ராசஸுக்கு ஒரு சிக்பஸ் (அதைக் கொல்லும் சிக்னல்), அவ்வளவுதான். ரகசியம் நிஜமாகக் கசிந்தது 2018-இல் வெளியான ஃபோர்ஷேடோ தாக்குதலில். அது சிப்பின் கோளாறு. எந்த கர்னல் ரிவ்யூவும் அதைப் பிடித்திருக்காது.

பிழைதேடி:
ஃபோர்ஷேடோவை ரிவ்யூவில் பிடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஈபிசியிலிருந்து பக்கத்தை விடுவிக்கும் ஈரிமூவ் கட்டளையைப் பாருங்க. எஸ்இசிஎஸ் (என்க்ளேவின் தலைமைப் பதிவு) பக்கத்தை எடுக்கும்போது பிள்ளைப் பக்கம் ஒன்று மிச்சமிருந்தாலும் அது தோற்கும். தோற்ற பக்கத்தை ஃப்ரீ லிஸ்ட்டில் போட்டால், சம்பந்தமே இல்லாத அடுத்த என்க்ளேவ் அதை வாங்கி விழும். அதனால்தான் இப்போது எச்சரிக்கை அடித்து, பக்கத்தை வேண்டுமென்றே கசியவிடுகிறார்கள், அதாவது மறுபடி யாருக்கும் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். எர்ரர் பாதையில் ஈரிமூவின் ரிட்டர்ன் மதிப்பைப் பார்க்காத பேட்சை நான் மேலே படிப்பதே இல்லை.

ரிங்ஸீரோ:
ரேஸைக் கண்ணால் பிடிக்க முடியாது. செல்ஃப்டெஸ்ட் எதற்கு இருக்கிறது?

மெயின்லைன்:
எந்த மெஷினில் ஓட்டுறீங்க? ஈபிசியை நிரப்பும் டெஸ்ட் ஒன்று உண்டு, ஆனால் ஐஸ்லேக் ஸியான் சர்வர் சிப்பில் சாக்கெட்டுக்கு 512 ஜிபி வரை ஈபிசி வைக்கலாம். அதை நிரப்பும் பொறுமை யாருக்கு? தவிர்த்துவிட்டு "பாஸ்" என்று போடுவார்கள், ரீக்ளைமர் ஒருமுறைகூட எழுந்திருக்காது. மெய்நிகர் மெஷின் ஓட்டும் கியூஇஎம்யூவில் 6.2 முதல் கெஸ்ட்டுக்குத் தனி ஈபிசி ஒதுக்கலாம். 64 எம்பி மட்டும் கொடுத்து, லாக்டெப் (பூட்டுப் பிழை பிடிப்பது), கேஏசான் (நினைவகப் பிழை பிடிப்பது) இரண்டையும் போட்டு, இரண்டு என்க்ளேவை ஒரே நேரத்தில் ராத்திரி முழுக்க ஓடவிடுங்க. அந்த லாகை ஒட்டுங்க, அப்புறம் பேசலாம்.