25,000 ரூபாய்க்குள்ள கிராபிக்ஸ் கார்டு: செகண்ட்ஸ் ஆர்டிஎக்ஸ் 3060-ஆ, புது ஆர்எக்ஸ் 6600-ஆ?

ஏற்காட்டுக்காரன்:
வணக்கம்ணா. என் சிஸ்டம் ஐ5 9400எஃப் ப்ராசஸர், ஹெச்310 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), கார்டு 1050 டிஐ. மானிட்டர் 1080பி, 75 ஹெர்ட்ஸ். ஃபோர்ஸா ஹொரைசன் 5 திணறுது, சைபர்பங்க் பக்கமே போக முடியல. காப்பிக் காசு வந்ததும் அப்பா 25,000 கொடுத்திருக்கார், இன்னொரு தடவை கேக்க முடியாது. அஞ்சு ரோடு பக்கம் ஒரு கடையில ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி செகண்ட்ஸ் இருக்கு. கிட்டத்தட்ட அதே விலைக்கு ஆர்எக்ஸ் 6600 புதுசு, வாரண்டியோட சொல்றாங்க. இன்டெலோட ஆர்க் பி580 கார்டு மேலயும் ஒரு கண்ணு. கேம் மட்டும்தான், எடிட்டிங் கிடையாது. மழை வந்தா இங்க கரண்ட் போய்ப் போய் வரும், 600 விஏ யுபிஎஸ் வச்சிருக்கேன். எதை எடுக்கலாம்?

குகை:
12 ஜிபி மெமரியை விடாதீங்க. இப்ப வர்ற கேமுக்கு 1080பி-லயே 8 ஜிபி நிறைஞ்சிடுது. ஏஐ வச்சு கேம் வேகத்தைக் கூட்டுற டிஎல்எஸ்எஸ் வேற இருக்கு. 3060 எடுங்க.

செவ்வாய்ப்பேட்டை:
தம்பி, 12 ஜிபி பத்தி அவர் சொன்னது நியாயம்தான். ஆனா கார்டை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, அது போய் உக்காரப்போற சிஸ்டத்தையும் பாக்கணும். அசெம்பிள் பண்றதுதான் என் தொழில், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

பி580-ஐ இப்பவே விட்டுடுங்க. ரீசைசபிள் பார் (கார்டு மெமரி முழுசையும் ப்ராசஸர் ஒரே நேரத்துல எட்ட விடுற வசதி) இல்லைன்னா அது ரொம்ப படுத்தும். அதுக்கு இன்டெல்ல 10-ம் தலைமுறை ப்ராசஸராவது வேணும், உங்களது 9.

மத்த ரெண்டும் 1080பி-ல கிட்டத்தட்ட ஒரே வேகம். ரே டிரேசிங் (கேம்ல வெளிச்சம், நிழலை நிஜம் மாதிரி காட்டுறது), பிளெண்டர் (3டி சாஃப்ட்வேர்)னு போனாத்தான் 3060 நல்லா முந்தும். உங்க வீட்டுக்கு முக்கியம் வாட் கணக்கு. 3060-க்கு 170 வாட், 6600-க்கு 132. எஸ்எம்பிஎஸ் 550 வாட் இருக்கணும்னு என்விடியா சொல்லுது, ஏஎம்டி 450 போதும்ங்குது. 600 விஏ யுபிஎஸ் பொதுவா 360 வாட்தான் தாங்கும். ப்ராசஸர் 65, கார்டு 132, மானிட்டர், ஃபேன் எல்லாம் சேர்ந்தாலும் 6600 அதுல அடங்கிடும். 3060 போட்டா விளிம்புக்கு வந்துடும். கரண்ட் போற நேரம் கேம் ஓடிட்டிருந்தா சிஸ்டம் அப்படியே ஆஃப் ஆகலாம்.

வாங்குறதுக்கு முன்னாடி கேபினட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ்ல கார்டுக்குத் தனியா பவர் கொடுக்குற 6+2 பின் ஒயர் இருக்கான்னு பாருங்க. 1050 டிஐ பெரும்பாலும் ஸ்லாட்ல இருந்தே 75 வாட் எடுத்து ஓடும், அதனால இத்தனை நாளா அது தேவைப்பட்டிருக்காது. மோலெக்ஸ்ல (பழைய நாலு பின் பவர் ஒயர்) கன்வெர்ட்டர் மாட்டி ஓட்டவே கூடாது, ஒயர் உருகிப் பாத்திருக்கேன்.

6600 எட்டு லேன் கார்டு, அதாவது போர்டோட பேச எட்டு டேட்டா பாதைதான். உங்க போர்டுல கார்டு மாட்டுற ஸ்லாட் பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0. மெமரி நிறையாத வரைக்கும் இழப்பு சொற்பம். டெக்ஸ்சரை அல்ட்ராவுல வைக்காம ஹைல வைங்க. 6500 எக்ஸ்டி மலிவா இருக்குன்னு யாராவது தள்ளிவிடப் பாப்பாங்க, தொடாதீங்க. நாலு லேன், 4 ஜிபி, 3.0 போர்டுல பாவம், ரொம்ப அடி வாங்கும்.

மிச்சக் காசுல இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் கண்டிப்பா போடுங்க. ஒத்தை ஸ்டிக்கோட எந்தக் கார்டு போட்டாலும் ஃபோர்ஸா திணறத்தான் செய்யும்.

ஏற்காட்டுக்காரன்:
ரொம்ப நன்றிணா. 6+2 ஒயர் ஒண்ணு இருக்கு. 6600-ன்னே வச்சுக்கறேன். ஃப்ரெண்டு ஒருத்தன் அந்த 3060-ஐப் பாக்கப் போறான், அவன் எதைக் கவனிக்கணும்?

செவ்வாய்ப்பேட்டை:
மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லி, கார்டு விவரம் காட்டுற ஜிபியு-இசட் சாஃப்ட்வேர்ல மெமரி 12 ஜிபி, பஸ் (மெமரி பாதையோட அகலம்) 192 பிட்னு வருதான்னு பாக்கட்டும். அதே 3060 பேர்ல 8 ஜிபி, 128 பிட் கார்டும் இருக்கு, அது வேகம் கம்மி. அப்புறம், 2022 செப்டம்பர்ல எத்தீரியம்ங்கிற கிரிப்டோ காசுக்கான மைனிங் நின்னதும் ராப்பகலா ஓடின கார்டெல்லாம் செகண்ட்ஸ் மார்க்கெட்டுக்கு வந்துடுச்சு. அரை மணி நேரம் ஃபர்மார்க் (கார்டை முழு வேகத்துல ஓட்டிச் சோதிக்கிற சாஃப்ட்வேர்) ஓடட்டும். ஃபேன் கரகரன்னு சத்தம் போட்டாலோ, திரையில புள்ளி புள்ளியா வந்தாலோ, விலை எவ்வளவு இறக்கினாலும் வேண்டாம்.